வளைவும் உத்தரமும்: திருமலை நாயக்கர் மகால் – ஒரு மறுவாசிப்பு

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே, சௌராட்டிர மக்கள் செறிந்து வாழும் தெருக்களின் நடுவே நிற்கும் திருமலை நாயக்கர் மகாலைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் மூன்று செய்திகளைத் தவறாமல் சொல்லுகின்றன. அது 1636இல் கட்டப்பட்டது என்பது ஒன்று. அதற்கு வரைபடம் தந்தவர் இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஒருவர் என்பது மற்றொன்று. அது ‘இந்தோ-சாரசெனிக்’ பாணியைச் சேர்ந்தது என்பது மூன்றாவது. முதற்செய்தியோடு நமக்குப் பிணக்கில்லை. இரண்டாவதைச் சொல்லும் கையேடுகள் அந்த இத்தாலியருக்கு ஒரு பெயரைக்கூடத் தருவதில்லை. மூன்றாவது, காலத்தைத் தலைகீழாக நிறுத்துவது. பின்னைய இரண்டையும் சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது. ஏனெனில் இவை வெறும் கையேட்டுப் பிழைகளாக நின்றுவிடவில்லை. நம் சமூகம் தன் கட்டடங்களைத் தானே பார்க்கும் பார்வையையும் இவை கெடுத்திருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் சிலரோடு மகாலுக்குச் சென்றிருந்தோம். பெருமுற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்த மாணவர் ஒருவர், “இது முஸ்லிம் அரண்மனை போலல்லவா இருக்கிறது? நாயக்கர் கட்டியதாகச் சொல்கிறார்களே!” என்று வியந்தார். உடன் வந்த வேறொருவர், “எல்லாம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்” என்று பெருமிதத்தோடு விடையிறுத்தார். கேட்டவரும் சொன்னவரும் நம் பிள்ளைகளே. கேள்வியும் விடையும் ஒரே பிழையிலிருந்து முளைத்தவை என்பதை அன்று அவர்களுக்கு விளங்கவைக்க நம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அன்று சொல்லாமல் விட்ட விடை எனக் கொள்ளலாம்.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் நான்கில் ஒரு பங்கு என்பர். சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என இரு பெரும் பகுதிகளாக அது இருந்தது. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1659–1682) தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, பாட்டனாரின் அரண்மனையைப் பிரித்துப் பொருள்களை அங்கே கொண்டுபோனார். ரங்கவிலாசம் போயிற்று. மகாலிலிருந்து சிறிது தொலைவில், துணிக்கடைகள் நெருங்கிய சந்தொன்றில் வரிசையாக நிற்கும் பத்துத் தூண்கள் அரண்மனையின் பழைய பரப்புக்கு இன்றும் சாட்சி. அந்தச் சந்துக்கே ‘பத்துத்தூண்’ என்றுதான் பெயர். அங்கே சேலை எடுக்கப் போகிறவர்களில் தலைநிமிர்ந்து தூணைப் பார்ப்போர் சிலரே.

எஞ்சிய பகுதியின் உயிர்நிலை முற்றமும் அதன் மேற்கே அமைந்த சொர்க்கவிலாசமும். முற்றத்தைச் சூழ்ந்து ஒருவர் இரு கைகளையும் விரித்தாலும் தழுவ முடியாத பருமனுடைய உருளைத் தூண்கள் அணிவகுக்கின்றன. ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு இதழிதழாக வெட்டிய வளைவுகள் தாவுகின்றன. வளைவுகளுக்கு மேலே சுதையில் செய்த யாளிகளும் இலைக்கொடிகளும் பறவைகளும். சொர்க்கவிலாசத்தின் நடுவே, சதுரம் எண்கோணமாகி, எண்கோணம் வட்டமாகி, சுமார் 60 அடி விட்டமுடைய குவிமாடம் எழுகிறது. அதைத் தாங்க மர உத்தரம் இல்லை, இரும்புச் சட்டம் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புமே அத்தனை எடையையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துத் தரைக்கு இறக்குகின்றன. அரைத்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்துத்தான் தூண்களுக்கு அந்தப் பளிங்குப் பளபளப்பு ஏற்றப்பட்டது என்பது மதுரையில் எவரும் சொல்லும் செய்தி.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வளைவு ஒரு தத்துவம். உத்தரம் வேறொரு தத்துவம். இரண்டு தூண்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்துவது உத்தரம். அந்தக் கல்லின் நீளம் எவ்வளவோ அவ்வளவே இடைவெளி. அதனால்தான் கோயில் மண்டபங்களில் தூண்கள் காடுபோல் நெருங்கி நிற்கின்றன. வளைவோ சிறு சிறு செங்கற்களை ஒன்றையொன்று நெருக்கவைத்து நிற்கச் செய்வது. பெருங்கல் தேவையில்லை, இடைவெளி அகலும், கூட்டம் கூடவும் அரசர் காட்சி தரவும் ஆடல் பாடல் நிகழவும் திறந்த வெளி கிடைக்கும். அரசவைக்கு வேண்டியது அந்த வெளி. மதுரைச் சமவெளியில் செங்கல்லுக்கு மண்ணுக்கும் குறைவில்லை, சூளைக்காரருக்கும் குறைவில்லை. ஆகவே வளைவை ஏற்றது சமயச் சார்பினாலன்று. அது ஒரு பயன்பாட்டுத் தேர்வு.

இதற்கு வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை. அதே திருமலை நாயக்கர் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே எழுப்பிய புதுமண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் போதும். அங்கே வளைவு இல்லை, குவிமாடம் இல்லை. முழுவதும் கல், தூண், போதிகை, உத்தரம், பாவுகல். ஒரே அரசர், ஒரே நகர், ஏறத்தாழ ஒரே காலம். இரண்டு கட்டட இலக்கணங்கள். இறைவனின் உற்சவத்துக்கு ஒன்று, அரசனின் கொலுவுக்கு மற்றொன்று. எந்த இடத்தில் எந்த மொழியில் பேசுவது என்பதை அறிந்த ஒருவர் கட்டியவை இவை. ‘கலப்புப் பாணி’ என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இந்தத் தெளிவைக் காணத் தவறுகிறார்கள்.

*

அந்த அரசவை மொழி எங்கிருந்து வந்தது? விசயநகரத்திலிருந்து என்பதே நேரான விடை. ஹம்பியில் இன்றும் நிற்கும் தாமரை மகாலிலும் யானைக் கொட்டாரத்திலும் இதழ் வளைவுகளையும் குவிமாடங்களையும் காணலாம். சந்திரகிரி அரண்மனை, செஞ்சியின் கல்யாண மகால் என்று அந்த மரபு படிப்படியாகத் தெற்கே இறங்கி மதுரையை அடைந்தது. விசயநகரத்தார் அதைத் தக்காணத்துச் சுல்தான்களின் அவைகளிலிருந்து கற்றார்கள். கட்டடத்தை மட்டுமன்று, ‘குல்லாயி’ என்ற கூம்புத் தொப்பியையும் ‘கபாயி’ என்ற நீண்ட அங்கியையும் அவைக்கோலமாக ஏற்றார்கள். தம்மை ‘இந்துராய சுரத்ராண’ என்றும் அழைத்துக்கொண்டார்கள். அதாவது இந்து அரசர்களுள் சுல்தான். அமெரிக்க ஆய்வாளர் பிலிப் வேகனர் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தப் பட்டத்தையும் உடையையும் முன்வைத்து, சமய மாற்றம் எதுவுமின்றியே ஓர் அவைப்பண்பாடு எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதை விளக்கியது. ‘சுல்தான்’ என்ற சொல் அவர்களுக்கு ஒரு மதத்தின் பெயராக இல்லை. பரந்த உலகில் அரசனாக மதிக்கப்படுவதன் பெயராக இருந்தது.

கால ஒற்றுமையையும் கவனிக்க வேண்டும். திருமலை நாயக்கரின் ஆட்சி 1623 முதல் 1659 வரை. பீஜப்பூரின் முகம்மது ஆதில் ஷாவின் ஆட்சி 1627 முதல் 1656 வரை. மதுரையில் சொர்க்கவிலாசத்தின் குவிமாடம் எழுந்த அதே தலைமுறையில், பீஜப்பூரில் 44 மீட்டர் வெளிவிட்டமுடைய கோல் கும்பசும், ஆக்ராவில் 1632இல் தொடங்கப்பட்ட தாஜ்மகாலும் எழுந்துகொண்டிருந்தன. மதுரைக்கும் பீஜப்பூருக்கும் கோல்கொண்டாவுக்கும் இடையே போரும் நடந்தது, உடன்படிக்கையும் நடந்தது. விசயநகரத்தின் கடைசி அரசரான மூன்றாம் ஸ்ரீரங்கருக்கு எதிராகத் திருமலை நாயக்கர் சுல்தான்களின் துணையை நாடியதும் வரலாற்றில் பதிவானதே. யார் யாருக்குப் பகை, யார் யாருக்கு நட்பு என்பதை மதம் ஒன்றை வைத்தே தீர்மானிக்க முயல்கிறவர்களுக்கு அந்த நூற்றாண்டு பிடிபடாது.

சொற்களும் இதையே சொல்லுகின்றன. ‘மகால்’ என்பது அறபு. தங்குமிடம் என்னும் பொருள்தரும் ‘மஹல்’ பாரசீகத்தின் வழியே நம்மை வந்தடைந்து, இன்று மதுரையிலிருந்து தேனி வரை திருமண மண்டபங்களின் பெயர்ப்பலகைகளில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது. குவிமாடத்தைக் குறிக்க நம் கொத்தனார்கள் வழங்கிய ‘கும்மட்டம்’ பாரசீக ‘கும்பத்’தின் தமிழ் வடிவம். மகாலை ஒட்டிய தெரு ஒன்றுக்கு இன்றும் நவபத்கானாத் தெரு என்றே பெயர். அரண்மனை வாயிலில் பொழுதுதோறும் முரசும் நகராவும் ஒலிக்கும் கூடம் என்பது அதன் பொருள். ஒரு தெலுங்கு அரசரின் தமிழ்நகர அரண்மனையில் பாரசீகப் பெயருடைய முரசுக்கூடம்! நாளும் அத்தெருவில் நடப்பவர்களுக்கு அது வியப்பாகத் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டியதும் இல்லை.

*

இனி அந்த ‘இந்தோ-சாரசெனிக்’ என்ற பெயருக்கு வருவோம். இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தாம் இந்தியாவில் கட்டிய கட்டடங்களுக்காக வழங்கிய பெயர். ‘சாரசென்’ என்பதே ஐரோப்பியர் தம் இடைக்காலத்தில் அறபிகளையும் முஸ்லிம்களையும் சுட்டிய சொல். முஸ்லிம்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரன்று. டேனியல் ஓவியர்கள் 1792இல் மதுரைக்கு வந்து இவ்வரண்மனையை இடிபாடாகக் கண்டு வரைந்தார்கள். சென்னை மாகாண ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு அதைச் சீரமைக்க முனைந்தார். அப்பணியில் ஈடுபட்டவர் அரசின் கட்டடக்கலைஞர் இராபர்ட் பெல்லோஸ் சிஸம். இதே சிஸம்தான் 1870களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை எழுப்பியவர். மதுரையில் அவர் கற்றது சென்னையில் பயன்பட்டது என்று கொள்வது மிகையன்று. அதாவது, இந்தோ-சாரசெனிக் கட்டடங்கள் மகாலிடம் கற்றவை. மகால் அவற்றிடம் கற்றதில்லை. நம் வழக்கில் பாட்டனின் பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். ‘பெயரன்’ என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. கையேட்டுக்காரர்களோ இருநூறாண்டு பிந்திய பேரனின் பெயரைப் பாட்டனுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

பெயரைவிடப் பெரிய கேடு அதன் பின்னே உள்ள வகைப்பாடு. ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாறு, கட்டடங்களைப் பௌத்தம், சமணம், திராவிடம், இந்திய சாரசெனிக் என்று அறைகளாகப் பிரித்து அடுக்கியது. பெரும்பாலான அறைகளுக்குக் கதவு சமயமே. மதுரை மகால் அந்த அறைகளுள் எளிதில் நுழைய மறுத்தது. திராவிடப் பகுதியில் அதைச் சேர்த்த பெர்குசன், அதன் பெருங்கூடம் ஒன்றைப் புகழவேண்டி வந்தபோது ஐரோப்பியக் கோதிக் கட்டடங்களோடு ஒப்பிட்டார். ஒப்பீடு தவறு என்பதற்கில்லை. வளைவின் பாரத்தை அறிந்த கண் அவருடையது. ஆயினும் அருகிலிருந்த பீஜப்பூரை விட்டுவிட்டு அவர் கண் ஏன் கடல்கடந்து போக வேண்டும்? இத்தாலியர் கதையும் அதே கண்ணோட்டத்தின் பிள்ளை. இயேசுசபைத் துறவி இராபர்ட் டி நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து பல்லாண்டு தங்கியவர் என்பதும், அவர் இத்தாலியர் என்பதும் உண்மை. ஆனால் அவர் இங்கே செய்தது, காவி உடுத்துத் தமிழும் வடமொழியும் கற்று இந்நாட்டுத் துறவிபோல் வாழ்ந்தது. அரண்மனைக்கு வரைபடம் தீட்டியதன்று. இந்நாட்டுக் கொத்தனார் 60 அடிக் கும்மட்டத்தைச் சாரமிறக்கி நிறுத்தியிருக்க முடியும் என்று நம்பத் துணிவில்லாதவர்களுக்குத்தான் ஒரு இத்தாலியர் தேவைப்படுகிறார்.

இந்த வகைப்பாட்டின் பொய்மையை உடைக்க மிகச் சிறந்த சான்று மகாலில் இல்லை. நம் பள்ளிவாசல்களில் இருக்கிறது. மதுரையிலிருந்து வைகை போகும் திசையிலே கிழக்கே போனால் இராமநாதபுரமும் அதற்கப்பால் கீழக்கரையும். அங்கே வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஜும்ஆப் பள்ளிவாசல், மகாலைப் போலவே பதினேழாம் நூற்றாண்டுக்கு உரியது. அதனுள்ளே நின்று மேலே பார்த்தால் கும்மட்டம் இல்லை. கருங்கல் தூண்கள், போதிகைகள், உத்தரங்கள், பாவுகற்கள்! புதுமண்டபத்தின் இலக்கணம் அப்படியே. ஒரே ஒரு வேறுபாடு: கோயில் தூணில் உருவம் இருக்கும் இடத்தில் இங்கே பூவும் கொடியும் கட்டமும். காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை குறித்து மெஹர்தாத் ஷொக்கூஹி 2003இல் வெளியிட்ட ஆங்கில நூல் இப்பள்ளிகளை அளந்து வரைந்து, வடஇந்தியச் சுல்தான்களின் வளைவு மரபிலிருந்து இவை வேறுபட்ட தனி மரபு என்பதைத் தெளிவாக நிறுவியது.

ஆக, பதினேழாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் நாம் காண்பது இது: வைணவ மரபில் வந்த அரசரின் அரண்மனையில் வளைவும் கும்மட்டமும், மரைக்காயரின் பள்ளிவாசலில் கல் தூணும் உத்தரமும். ‘முஸ்லிம் கட்டடம்’ எது, ‘இந்துக் கட்டடம்’ எது என்று வடிவத்தை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்! அந்த மாணவரின் “நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது” என்ற பெருமிதம் இங்கே தடுமாறும். எடுத்துக்கொண்டது என்றால் நாமும் எடுத்துக்கொண்டவர்களே. கடன் என்ற பேச்சே இங்கே பொருந்தாது. கடன் என்றால் உடையவன் ஒருவன் வேண்டும்.

இலக்கியத்தில் இதை நாம் எளிதாகவே ஒப்புக்கொள்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாட வந்த உமறுப்புலவர் காண்டமும் படலமும் விருத்தமுமாகிய தமிழ்க் காப்பிய வடிவத்தை எடுத்தார். சீறாப்புராணத்தை ‘இந்து வடிவத்தில் அமைந்த முஸ்லிம் நூல்’ என்று நம்மில் எவரும் கூசிச் சொல்வதில்லை. தமிழ்க் காப்பியம் என்கிறோம், அத்தோடு முடிந்தது. சொல்லில் இருக்கும் இந்தத் தன்னம்பிக்கை கல்லுக்கு வரும்போது நம்மை ஏன் கைவிடுகிறது?

கைவிடுவதற்கு நம் காலத்துக் காட்சி ஊடகமும் ஒரு காரணம். 1995இல் வெளியான ‘பம்பாய்’ திரைப்படத்தில் முஸ்லிம் வீட்டுத் திருமணப் பாடல் ஒன்று இதே மகாலில் படமாக்கப்பட்டது. முக்காடிட்ட பெண்கள் நாயக்கரின் தூண்களுக்கிடையே ஓடி மறைகிறார்கள். நெல்லைச் சீமை முஸ்லிம் வீடு எப்படியிருக்கும் என்பது திண்ணையும் முற்றமும் கண்டவர்க்குத் தெரியும். ஆனால் திரைக்கு ‘முஸ்லிம்’ என்றால் வளைவு வேண்டும். வளைவு எங்கே இருக்கிறதோ அங்கே முஸ்லிமைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பாடல் இனிமையானது; குறைசொல்ல மனம் வரவில்லை. ஆயினும் நாயக்கரின் அரண்மனையைப் பார்த்து ‘முஸ்லிம் வீடு’ என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டதில் அதற்கும் பங்குண்டு.

அரசும் தன் பங்குக்கு மகாலின் வாயை அடைத்தது. 1981இல் அங்கே தொடங்கிய ஒலி-ஒளிக் காட்சி, நாயக்கர் கதையோடு சிலப்பதிகாரக் கதையையும் சேர்த்துச் சொன்னது. கண்ணகி நீதி கேட்ட கதை மதுரைக்கு உரியதே, மறுக்கவில்லை. ஆனால் நாயக்கரின் கும்மட்டத்துக்குக் கீழே பாண்டியனின் அவையைக் கற்பனை செய்யச் சொல்லும்போது, அந்தக் கும்மட்டம் வெறும் திரைச்சீலையாகிவிடுகிறது. பலவண்ண விளக்குகள் தூண்களைத் தழுவுகின்றன. தூண்களைச் செய்தவர் யார், அவ்வளைவு எவ்வழி வந்தது என்பதைக் கேட்க அங்கே இருக்கை இல்லை. நெடுங்காலம் மாவட்ட நீதிமன்றமாக இருந்த காலத்திலாவது அக்கட்டடத்தில் சாட்சிகளுக்கு வாய் இருந்தது.

மதுரையில் இந்த உறவுகளின் சாட்சியங்கள் கல்லிலேயே கிடைக்கின்றன. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவின் பெருங்கும்மட்டத்தை மரபு மதுரைச் சுல்தான்களின் காலத்தோடு இணைக்கிறது. பாண்டியர் காலத்தில் அளிக்கப்பட்ட நிலக்கொடையை வீரப்ப நாயக்கர் உறுதிசெய்ததாகக் கூறும் 1573ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அத்தர்காவைச் சார்ந்ததே. திருமலை நாயக்கர் மகாலைக் கட்டுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்நகரில் ஒரு கும்மட்டமும் அதைக் காத்த ஒரு நாயக்கரும் இருந்திருக்கிறார்கள். கோயிலிலிருந்து மகாலுக்கு நடக்கும் பயணிகளை ஆற்றைக் கடந்து கோரிப்பாளையத்துக்கும் அழைத்துச் செல்லும் ஒரு வழிகாட்டியை நாம் இதுவரை சந்தித்ததில்லை.

பிறரைக் குறைகூறி நிறுத்திக்கொண்டால் நேர்மையாகாது. பெர்குசனின் அறைகளை நம்மளவுக்கு நம்பியவர்கள் வேறெவருமில்லை. மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும் கடற்கரையூர்களிலும் சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளாக எத்தனை கல் பள்ளிகள் ‘புதுப்பிக்கப்பட்டன’ என்பதை ஊர்தோறும் எண்ணிப் பார்க்கலாம். இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம். ஜும்ஆவுக்கு வருவோர் தெருவில் நிற்பதை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் இடம் போதாமைக்காக இடிக்கப்பட்டவை சில என்றால், ‘கோயில் மண்டபம் போல இருக்கிறது’ என்ற கூச்சத்துக்காக இடிக்கப்பட்டவையும் உண்டு. அவற்றின் இடத்தில் கான்கிரீட்டில் வெங்காயக் கும்மட்டமும், உள்ளே ஏறிப்போகப் படியில்லாத மினாராக்களும், வளைகுடா நாட்டு நாட்காட்டியில் பார்த்த பச்சை விளக்கும். அந்தக் கான்கிரீட் கும்மட்டம் எதையும் தாங்குவதில்லை என்பதைக் கொத்தனாரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார். கூரை கீழே தட்டையாகப் போடப்பட்டு, அதன்மேல் கவிழ்த்துவைத்த கிண்ணம் அது. வளைவின் பாரத்தை அறிந்து கட்டிய நாயக்கர் காலக் கொத்தனார் இதைக் கும்மட்டம் என்றே ஒப்பமாட்டார்.

எமக்கு நன்கு தெரிந்த ஊரொன்றில் அப்படி ஒரு பள்ளி புதிதாக எழுந்தபோது போயிருந்தோம். நிர்வாகத்தில் மூத்தவர் ஒருவர் எம்மை அன்போடு அழைத்துச் சென்று மாடி வரை காட்டினார். “பழைய தூண்கள் என்னவாயின, அத்தா?” என்று கேட்டோம். நான்கு தூண்களை ஒருவர் விலைக்குக் கேட்டு எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். எஞ்சியவற்றைப் பின்புறம் காட்டினார். ஹவ்ளின் ஓரத்தில், உளூச் செய்பவர்கள் உட்காருவதற்கு வசதியாக, இரண்டு தூண்கள் படுக்கவைத்துச் சிமெண்டு பூசப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும் பூச்சு பெயர்ந்து, எட்டிதழ்ப் பூ ஒன்று பாதி தெரிந்தது. “உட்காரக் குளிர்ச்சியாக இருக்கிறது தம்பி, கல்லல்லவா” என்றார் பெரியவர். அஸருக்குப் பாங்கு சொல்ல நேரமாயிற்று என்று உள்ளே போய்விட்டார்.